உன் தெருவுக்குள் நான் அனுப்பிய கார்

மகன்,

நீ என்னுடைய போனை எடுக்காமல் விட்ட பிறகு, ஊரையே கூட்டி வைத்துக்கொண்டு எல்லாரும் வாசிக்கிற பேப்பரில் உன்னோடு கதைக்கிற நிலைமைக்கு வந்திருக்கிறேன். உனக்கு மட்டும் தனியாக எழுதி அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் உன்னிடம் கார் இருக்கிறது என்று நான் சொன்ன பொய்யை ஊர் முழுக்கக் கேட்கத்தானே சொன்னேன், அப்படியென்றால் உண்மையையும் ஊர் கேட்கட்டும். அடுத்த வீட்டு ராணி அக்காதான் இதை முதலில் வாசிப்பா. வாசித்துவிட்டு, தான் வாசிக்கவே இல்லை என்று சொல்லிக்கொண்டு நான் வேலை செய்கிற மருந்துக்கடைக்கு வருவா. வரட்டும். இந்தத் துறைமுகப் பக்கத்துச் சனங்களின் சீனி வருத்தத்துக்கும் பிறஷருக்கும் வெளியில் சொல்ல வெட்கப்படுகிற மற்ற வருத்தங்களுக்கும் எத்தனையோ வருஷமாக மருந்து கட்டிக் கொடுக்கிறேன். ஒருவருடைய கதையையும் நான் பேரோடு வெளியே விட்டதில்லை. இன்றைக்கு என்னுடைய கதையையும் என் பேரைப் போடாமல்தான் விடுகிறேன்.

நீ பெல்ஜியத்துக்குப் போய், கென்ற் நகரத்தின் நடுவிலே, வாகனம் வர விடாத ஒரு தெருவில் இரண்டாம் மாடியில் வீடெடுத்திருக்கிறேன் என்று சொன்னபோது எனக்கு முதலில் விளங்கவே இல்லை. வாகனம் வராத தெரு என்றால் எங்களுக்குத் தெரிந்தது வெள்ளம் நிற்கிற தெரு, இல்லாவிட்டால் ஆரோ செத்த வீட்டுப் பந்தல் போட்ட தெரு. நீ சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனாய். கீழே இறங்கினால் பாண் சுடுகிற கடை, அதற்கடுத்தது மரக்கறிக்கடை, சந்தியில் ட்ராம், வேலைக்கு நடந்தே போகிறேன் அம்மா, பாண்காரிக்கு என்னுடைய பேர் தெரியும் அம்மா என்றாய். ஒரு கத்தரிக்காய், இரண்டு தக்காளி என்று அன்றன்றைக்கு வாங்கிக்கொள்வாயாம். எங்கள் சந்தையில் போய் ஒரேயொரு கத்தரிக்காய் கேட்டுப் பார், கடைக்காரன் உனக்கு என்ன வருத்தம் என்று கேட்டு என்னிடம் அனுப்பிவிடுவான். நான் ஓம் ஓம் என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். வைத்த கையோடு ராணி அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி கார் எடுத்திட்டானோ?" என்றா. அவவுடைய மகன் கனடாவில் இரண்டு கார் வைத்திருக்கிறான், ஒன்று பனியில் ஓட, ஒன்று பனியில்லாதபோது ஓட. "ஓம் அக்கா, எடுத்திட்டான்" என்று என் வாய் சொன்னது. என்னைக் கேட்டுச் சொல்லவில்லை.

அந்தப் பொய்யை நான் நல்லாகத்தான் வளர்த்தேன். முதலில் நீலக் கார் என்றேன். பிறகு கோயிலில் பூசை முடிந்து நிற்கிறபோது ஒருத்தி படம் காட்டச் சொன்னா, கார் திருத்தக் கொடுத்திருக்கு என்றேன். கார் திருத்துகிற இடத்தில் கிடந்த காலம் கூடிப்போய், உன் அப்பாவே ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "இல்லாத கார் ஏன் இவ்வளவு பழுதாகுது?" என்று கேட்டார். இந்த மனிதன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு எடுத்தவர், தூக்கவேண்டிய நேரத்தில் மட்டும்தான் வாய் திறப்பார்.

இவ்வளவும் சிரிப்போடு போயிருக்கும், மருமகள் நிரோஜா பிள்ளைத்தாச்சி ஆகாவிட்டால். அவளுக்குத் தாய் இல்லை. இருந்திருந்தால் முதற்பிள்ளைக்கு அவளுடைய ஊர் கட்டைபறிச்சானில் இருந்து அந்த மனுசிதான் பெட்டி கட்டியிருக்கும். இல்லாதபடியால் மாமியார் நான் போகவேண்டும் என்று நீயும் கேட்டாய், நானும் ஓம் என்றேன், விசாவும் கிடைத்தது. பிறகுதான் நீ அந்தப் படத்தை அனுப்பினாய். உன்னுடைய சைக்கிளுக்கு முன்னால் ஒரு பெரிய மரப்பெட்டி. அதற்குள் ஏழு மாத வயிற்றோடு நிரோஜா கால் நீட்டி இருந்து சிரிக்கிறாள். கீழே நீ எழுதியிருந்தாய்: "ஆஸ்பத்திரிக்கு இதிலதான் போகப்போறம்." மகன், எங்கள் ஊரில் சைக்கிளில் பெட்டி கட்டி வருகிறவர் மீன்காரர் ஒருவர்தான். நான் அந்தப் படத்தைக் கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது ராணி அக்கா மருந்து வாங்க வந்து தோளுக்கு மேலால் பார்த்துவிட்டா. "இதென்ன, மருமகளை மீன்பெட்டிக்குள்ள வைச்சிருக்கினம்?" என்றா. கடைக்குள் நின்ற சனம் எல்லாம் திரும்பியது. நான் அதற்கும் ஏதோ பகிடி சொல்லிச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மருந்து மாறிக் கட்டிவிட்டேன், அவ வாசலைத் தாண்ட முதல் ஓடிப்போய்த் திருப்பி வாங்கினேன். அன்றைக்குத்தான் எனக்குள் ஏதோ பிசகிவிட்டது என்று தெரிந்தது.

அன்று பின்னேரமே ஜெயம் மாமாவுக்குப் போன் அடித்தேன். என் தம்பி ஜேர்மனியில் கார் திருத்துகிற கடை வைத்திருக்கிறவன், நான் கேட்டால் மாட்டேன் என்று சொல்லப் பழகாதவன். ஒரு நல்ல கார் பார்த்து உன்னுடைய வாசலில் கொண்டுபோய் விடச் சொன்னேன். உனக்குச் சொல்லவேண்டாம் என்றேன், சொன்னால் வேண்டாம் என்பாய் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் சொல்லவில்லை. காரைச் சும்மா கொண்டுபோகக் கூடாது என்று நானே சட்டமும் போட்டேன். மாதாகோயிலுக்குக் கொண்டுபோய்ச் சுவாமியாரிடம் தீர்த்தம் தெளிப்பிக்கவேண்டும், முன்னால் மாலை போடவேண்டும், பிறகு உன்னுடைய வாசலிலே நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து மிதிக்க விடவேண்டும். வேதக்காரருக்கு ஏன் தேசிக்காய் என்று அவன் கேட்டான். இரண்டு பக்கமும் பார்த்து வைக்கிறது நல்லது என்றேன். பிள்ளைத்தாச்சி வாசலில் நின்று பார்க்கத் தேசிக்காய் நசுங்கவேண்டும் என்பதில்தான் நான் பிடிவாதமாக நின்றேன். அந்தப் பிடிவாதத்தால் வந்தது எல்லாம்.

ஜெயம் உன்னுடைய தெரு முனையில் நின்று எனக்கு அடித்தான். இங்கே நான் கடையில் நிற்கிறேன்.

"அக்கா, முனையில ஒரு போர்ட் கிடக்கு. சிவப்பு வட்டம். உள்ள விடமாட்டாங்கள் போல."

"பெடியன்ர வீடு எவ்வளவு தூரம்?"

"அந்தா, ஜன்னல் தெரியுது."

"ஜன்னல் தெரியிற தூரத்துக்கு என்ன போர்ட்? போ."

"சனம் கதிரை போட்டுத் தெருவில இருந்து கோப்பி குடிக்குது அக்கா. நான் இஞ்சயே விட்டிட்டு அவனைக் கூப்பிடுறன்."

"முனையில விடுறதுக்கு நீ என்ன பாண் வான்காரனோ? வாசலுக்குக் கொண்டு போ."

"சரி, சாமான் வான் ஒண்டு உள்ள போகுது. அதுக்குப் பின்னால விடுறன்."

பிறகு ஒரு சத்தம் கேட்டது. தெருவுக்கு நடுவே நிலத்துக்குள் இருந்து இரும்புத் தூண் எழும்பும், பழகின வானுக்கு மட்டும் தாழும், அது போனதும் திரும்ப எழும்பும் என்று எனக்கு எப்படித் தெரியும்? மாலை போட்ட கார் தூணுக்கு மேலே ஏறி, சில்லு நிலத்தில் படாமல் நின்றதை நீ பிறகு அனுப்பிய படத்தில் பார்த்தேன். கோப்பிக் கதிரையில் இருந்தவர்கள் எழும்பி நின்றிருந்தார்கள். உன்னோடு வேலை செய்கிற ஆட்களும் அதற்குள் இருந்தார்களாம். பொலிஸ் வந்ததாம். ஜெயம் கையில் தேசிக்காய்ப் பையோடு நின்று, இது சமயம் சம்பந்தப்பட்ட விஷயம் என்று ஜேர்மன் மொழியில் விளங்கப்படுத்தினானாம். இந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன், உண்மையைச் சொல்லத்தானே இருக்கிறேன். அடுத்த படத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. நிரோஜா சத்தம் கேட்டு இரண்டு மாடியும் ஓடி இறங்கி, தலை சுற்றி, வாசற்படியில் சுவரோடு சாய்ந்து இருந்தாள். பக்கத்தில் ஆரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவி தண்ணீர்க் கோப்பையோடு குனிந்து நின்றது.

நீ போன் எடுத்துச் சொன்னதை நான் மறக்கவில்லை. "அம்மா, நீங்கள் எனக்குக் கார் அனுப்பேல்லை. ராணி அன்ரிக்கு மறுமொழி அனுப்பியிருக்கிறியள்." நான் ஏதோ சொல்ல வாய் எடுத்தேன். "நான் இஞ்ச எப்பிடி இருக்கிறன் எண்டு உங்களுக்கு வெக்கம். வெக்கப்படுற ஆள் பிள்ளைப்பேறு பார்க்க வரவேண்டாம். நாங்கள் பார்த்துக்கொள்ளுறம்." அதற்குப் பிறகு போன் அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. பயணப்பெட்டி சாமி அறையில் திறந்தபடி கிடக்கிறது. உன் அப்பா அதைத் தாண்டித் தாண்டி நடக்கிறார். "அவன் வேண்டாமெண்டு எத்தினை தரம் சொன்னவன்? காதுக்கு விடுற மருந்து உம்மட கடையில இல்லையோ?" என்று மட்டும் கேட்டார். அதுவே இந்தக் கிழமைக்குப் போதுமான கதை அவருக்கு.

நீ சொன்னது பாதி உண்மை, மகன். வெட்கம் இருந்தது. பிறத்தியார் என்ன சொல்லுவினம் என்பதை நான் காலையில் பிளேன்ரீயோடு சேர்த்துக் குடிக்கிற ஆள், உனக்குத் தெரியும். மற்றப் பாதியை உனக்கு நான் ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. நீ பிறந்த கதையை எப்போது கேட்டாலும், நீ அவசரக்காரன், அப்பா வேலையால் வருமுதலே வந்துவிட்டாய் என்று பகிடியாகத்தான் சொல்லியிருக்கிறேன். அந்தப் பகிடிக்குள் நான் எதை மூடி வைத்தேன் என்று இப்போது சொல்கிறேன். பட்டப்பகலில் துறைமுகப் பக்கம் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்திலேயே கடையெல்லாம் பூட்டு, தெருவெல்லாம் வெறும் வெயில், ஊரடங்கு என்று அறிவித்துக்கொண்டு போனார்கள். அப்பா துறைமுகத்துக்குள்ளே, வெளிவாசல் அடைத்தாயிற்று. எனக்கு வயிற்றுக்குத்துத் தொடங்கிவிட்டது. அன்றைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கினது ஆர் என்று நினைக்கிறாய்? இதே ராணி அக்காதான். ஒரு வெள்ளைத் தலையணை உறையைக் குடையில் கட்டிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் என்னை இழுத்துக்கொண்டு நடந்தா.

மூலை வீட்டில் ஒரு கார் நின்றது. எங்கள் தெருவுக்கே அது ஒன்றுதான். துணி போட்டு மூடியிருந்தார்கள், ஒரு பக்கம் துணி விலகி விளக்குத் தெரிந்தது. ராணி அக்கா கேற்றைத் தட்டினா. கதவு திறக்கவில்லை. ஜன்னல் கொஞ்சம் விலகி உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "தங்கச்சி, குறை நினையாதை. பெற்றோல் இல்லை." நான் கேற்றைப் பிடித்துக்கொண்டு அந்தக் காரையே பார்த்துக்கொண்டு நின்றேன். "பாராதை. நட" என்றா ராணி அக்கா. நடந்தேன். தூக்கம் போதாத கண்ணோடு சென்றியில் காவல் நின்ற ஆமிப் பெடியனிடம் அவ தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், உனக்கும் அம்மா இருக்கிறாதானே என்று கேட்டா. அவன் தெருவை மறித்துப் போட்டிருந்த தடியை உயர்த்திவிட்டு மற்றப் பக்கம் பார்த்தான். வழியில் இரண்டு இடத்தில் தெருவிலேயே குந்திவிட்டேன். இரண்டு தரமும் அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் ஆட்கள் இருந்தது எனக்குத் தெரியும், மூச்சு விடுகிற சத்தம் கூடக் கேட்டது போல இருந்தது. ஒரு கதவும் திறக்கவில்லை. நீ ஆஸ்பத்திரி விறாந்தையில், கட்டிலுக்குப் போக முதல் பிறந்தாய். மூலை வீட்டில் பெற்றோல் இருந்ததோ இல்லையோ எனக்கு இன்றைக்கும் தெரியாது. பயந்த மனிதனில் என்ன பிழை? அவர் இப்போதும் என்னிடம்தான் பிறஷர்க் குளிசை வாங்குகிறார். நானும் சிரித்துக்கொண்டுதான் கொடுக்கிறேன்.

உன்னுடைய ஊரில் அப்படி ஒன்றும் இல்லை என்று நீ சொல்லுவாய். ஆஸ்பத்திரி பக்கத்தில், கூப்பிட்டால் அம்புலன்ஸ் அந்தத் தூணைத் தாழ்த்திக்கொண்டு வரும், டாக்ஸி வரும், ட்ராம் வரும். எனக்கு விளங்குகிறது. கடையில் ஆராவது இப்படிக் காரணமில்லாமல் பயந்து வந்தால் நானே அந்த ஆளைக் கதிரையில் இருத்தி, தண்ணீர் கொடுத்து, புத்தி சொல்லி அனுப்புகிற ஆள். ஆனால் நிரோஜாவை அந்தப் பெட்டிக்குள் பார்த்த உடனே எனக்கு அந்த வெயில் திரும்ப அடித்தது. அவள் நடக்கப்போகிறாள், வழியில் கதவெல்லாம் பூட்டியிருக்கும் என்று என் வயிறு முடிவு கட்டிவிட்டது. வயிற்றுக்குப் பெல்ஜியம் எங்கே இருக்கிறது என்று ஆர் படிப்பிக்கிறது? அதற்கு மேலே ராணி அக்காவின் மீன்பெட்டிக் கதையும் சேர, பயமும் வெட்கமும் ஒரே காரில் ஏறி உன் தெருவுக்கு வந்துவிட்டன. எது முன்சீட்டில் இருந்தது என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை.

நீ எப்படித்தான் நடக்கிறாய் என்று பார்ப்பம் என்று போன கிழமை கடை பூட்டி வீட்டுக்கு நடந்தேன். வழக்கமாக ஓட்டோவில் ஏறி, ஏறின சூடு ஆற முதல் இறங்குகிற தூரம்தான். சந்தியிலேயே ஒரு ஓட்டோ பக்கத்தில் வந்து, "என்ன அன்ரி நடந்து போறியள், வீட்டில ஏதும் பிரச்சினையோ?" என்றது. இல்லை, சும்மா என்றேன். சும்மா நடக்கிற பொம்பிளையை அவன் நம்பவில்லை, கொஞ்சத் தூரம் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தான். பிறகு கோயில் மதிலடியில் ஒருத்தி மறித்து, மருந்துக்கடையால் நிற்பாட்டிவிட்டார்களோ என்று கேட்டா. எங்கள் ஊரில் மாட்டைப் போலத் தெருவில் திரிகிற மான்களில், குறுக்கே நின்ற ஒன்று மட்டும் ஒன்றும் கேட்காமல் என்னைப் பார்த்தது. நான் வீட்டு வாசலுக்கு வருமுன் மூன்று பேர் உன் அப்பாவுக்குப் போன் பண்ணியிருக்கிறார்கள். அந்த மனிதன் சேர்ட் பொத்தான் மாறிப் பூட்டியபடி தெருவுக்கு வந்து நின்றார். நாங்கள் நடக்கிறவரைப் பார்த்தால் ஏதோ கெட்டது நடந்திருக்கிறது என்று நினைக்கிற சனம், மகன். அப்படி நினைக்கப் பழகின காலத்தில் இருந்து வந்த சனம். நீ அதை விட்டுப் போய், காலால் நடந்து பாண் வாங்கி, பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஒருத்தியைச் சம்பாதித்திருக்கிறாய். அதை நான் ஒருநாளும் ஒரு சம்பாத்தியமாக எண்ணவில்லை. ராணி அக்காவிடம் அதைச் சொல்லியிருக்கலாம். ஏன் தோன்றாமல் போனது என்று தெரியவில்லை.

புத்தி சொல்லாமல் எழுதினால் இது அம்மா எழுதினதோ என்று நீ சந்தேகப்படுவாய், அதனால் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். நிரோஜாவுக்கு முன்னால் நடவாதே. உன் அப்பா கலியாணம் முடித்த நாளில் இருந்து எனக்கு முன்னால்தான் நடக்கிறார், எங்களைப் பார்க்கிறவர்கள் நான் அவரிடம் ஏதோ விலாசம் கேட்கத் துரத்திக்கொண்டு போகிறேன் என்றுதான் நினைப்பார்கள். பக்கத்தில் நட. அவள், கட்டைபறிச்சானில் பள்ளிக்கூடத்துக்கு நடந்த கால் மாமி, இஞ்ச நடக்கிறது ஒரு வேலையோ என்று என்னிடமே சொன்னவள். அப்படிச் சொல்லுகிறவர்கள்தான் களைத்தால் சொல்லமாட்டார்கள். போன ஞாயிறு எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள், பிள்ளைப்பேற்றுச் சரக்குத்தூளுக்கு மிளகு எவ்வளவு, மல்லி எவ்வளவு, வறுத்து இடிக்கிறதோ பச்சையாக இடிக்கிறதோ என்று. கோபிக்காதே அவளை. சரக்குச் செய்கிற விதம் போனில் தட்டினால் நூறு பேர் காட்டுகிறார்கள். தாயில்லாத பிள்ளை அதை என்னிடம் கேட்கிறாள் என்றால் என்ன கேட்கிறாள் என்று எனக்கு விளங்கியது. வறுத்து இடி என்று மட்டும் பதில் போட்டேன். நான் வந்து இடித்துத் தாறேன் என்று எழுதி எழுதி அழித்தேன்.

காரைத் திருப்பிக்கொண்டுபோய் விற்கச் சொல்லி ஜெயத்திடம் சொல்லிவிட்டேன். ஊருக்கும் இதோ சொல்லியாயிற்று: என் மகனிடம் கார் இல்லை, அவனுக்கு அது தேவையும் இல்லை. என்னை வரச்சொல்லிக் கேட்டு இதை நான் எழுதவில்லை. வரவேண்டாம் என்று சொல்ல உனக்குக் காரணம் இருக்கிறது, பெட்டியை நான் இன்னும் மூடவும் இல்லை, சாமானை எடுத்து அலுமாரியில் வைக்கவும் இல்லை. பிள்ளை பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. அதற்கு முதல் எனக்கு ஒன்று மட்டும் செய். நீங்கள் இரண்டு பேரும் ஒருநாள் உங்கள் வாசலில் இருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை நடந்து போங்கள். நடக்கிறபோது எனக்கு வீடியோவில் அடித்துவிட்டு, போனைத் தெருப் பக்கம் திருப்பிப் பிடி. உன்னுடைய முகத்தைக் காட்டவேண்டாம். என்னோடு கதைக்கவும் வேண்டாம், கோபம் இருக்கிறபடியே இருக்கட்டும். நானும் வாய் திறக்கமாட்டேன், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். வழியில் எங்கே களைத்தால் குந்த மரவாங்கு கிடக்கிறது, எந்தக் கடை திறந்திருக்கிறது, ஆர் உங்களைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள், அன்றைக்குத் தண்ணீர் கொண்டுவந்த கிழவியின் கதவு எது, இவ்வளவையும் என்னுடைய கண்ணால் ஒருதரம் பார்க்கவேண்டும். நீ அடிக்கிறபோது நான் செருப்பைப் போட்டுக்கொண்டு எழும்பி நிற்பேன். மெல்ல நட. நிரோஜா களைத்தால் நில். நானும் நிற்பேன்.

அம்மா